விளக்குக்குத் தனிக் கட்டணமா?

ஹோட்டலில் அறை எடுத்துத் தங்குகிறவர் எதற்காகப் பணம் கொடுக்கிறார்? நான்கு சுவர்களுக்கும் ஒரு கட்டிலுக்கும் மாத்திரமா? விளக்கு எரியாத அறையில், வெந்நீர் வராத குழாயைப் பார்த்துக்கொண்டு ஓர் இரவைக் கழிப்பதற்கு எவரும் நூறு டாலரோ ஐயாயிரம் ரூபாயோ கொடுக்க முன்வர மாட்டார். விளக்கும் வெந்நீரும் குளிர்ச்சியும் அறையோடு சேர்ந்தவை என்ற நம்பிக்கையின் பேரில்தான் வாடகை பேசி முடிக்கப்படுகிறது. அப்படியிருக்க, காலையில் கணக்குத் தீர்க்கும் நேரத்தில், பில்லின் அடியில் "மின்சாரச் செலவுக்காக" என்று இன்னொரு தொகையை எழுதி நீட்டுவது எந்த ஊர் நியாயம்?

ஐக்கிய அமெரிக்காவில் பிரயாணிகள் கால் நூற்றாண்டாகக் கேட்டு வரும் கேள்வி இது. அந்நாட்டுச் சர்க்கார் 2025-ம் வருஷம் மே மாதத்தில்தான் இதற்குப் பாதி விடை கூறினார்கள். கடல் கடந்த நாட்டு ஹோட்டல் பில்லைப் பற்றி நமக்கென்ன கவலை என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். பிள்ளைகளையும் பெண்களையும் பார்ப்பதற்காக அமெரிக்கா போய்வரும் தமிழ்ப் பெற்றோர்கள் இன்று நம் ஊர்களில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். நயாகரா பார்க்கப் போன இடத்தில் அறை வாடகைக்கு மேல் அழுத தொகையைப் பற்றி அவர்கள் சொல்லும் கதைகளைக் கேட்டவர்களுக்கு இது அந்நிய விவகாரமாகத் தோன்றாது. மேலும், அங்கே முளைக்கிற வியாபாரத் தந்திரங்கள் இங்கே வந்து சேருவதற்கு இப்போதெல்லாம் கப்பல் ஏற வேண்டிய அவசியங்கூட இல்லை.

கதையின் ஆரம்பம் கலிபோர்னியாவில். அந்த ராஜ்யத்தில் மின்சார வியாபாரத்தைச் சர்க்கார் கட்டுப்பாட்டிலிருந்து அவிழ்த்துவிடும் சட்டம் 1996-ல் நிறைவேறிற்று. போட்டி ஏற்பட்டால் விலை இறங்கும் என்று அப்போது சொன்னார்கள். இறங்கவில்லை. 2000-ம் வருஷத்துக் கோடையில் ஸான் டியாகோ நகரத்தில் வீட்டு மின்சார பில் இரட்டிப்புக்கும் மேலாயிற்று. 2001 ஜனவரியில், உலகத்துக்கே கம்ப்யூட்டர் செய்து கொடுக்கும் அந்தச் சீமையில், பேட்டை பேட்டையாக முறை வைத்து விளக்கை அணைத்தார்கள். அதே வருஷம் ஏப்ரல் 6-ந் தேதி பஸிபிக் காஸ் அண்ட் எலெக்ட்ரிக் என்ற பெரிய மின்சாரக் கம்பெனி திவால் மனுச் செய்துகொண்டது. மின்சாரம் உண்மையிலேயே இல்லாமற் போய்விட்டதா என்றால், அது பாதிக் கதைதான். என்ரான் முதலிய தரகுக் கம்பெனிகளின் ஆட்கள் மின்சார நிலையங்களை வேண்டுமென்றே நிறுத்தச் சொல்லியும், இல்லாத நெரிசலை இருப்பதாகக் காட்டியும் விலையை ஏற்றிய சங்கதி பிற்பாடு அவர்களுடைய டெலிபோன் பேச்சுப் பதிவுகளிலிருந்தே வெளியாயிற்று. மகாராஷ்டிரத்தில் தாபோல் மின்சார நிலையத்தின் மூலம் நமக்கும் அறிமுகமான அதே என்ரான்தான்! 2001 டிசம்பரில் அதுவும் திவாலாயிற்று.

இந்தக் களேபரத்தின் நடுவில்தான் ஹோட்டல்காரர்களுக்கு ஒரு யோசனை உதித்தது. மின்சாரச் செலவு ஏறிவிட்டது. வாடகையை ஏற்றினால் விருந்தாளி அடுத்த ஹோட்டலுக்குப் போய்விடுவார். ஆகையால் வாடகை வாடகையாகவே இருக்கட்டும், "மின்சக்தி உபரிக் கட்டணம்" என்று இரவுக்கு இரண்டோ மூன்றோ டாலர் தனியாக வசூலிப்போம் என்று தீர்மானித்தார்கள். ஒரு ஹோட்டல் செய்ததைப் பார்த்து மற்றொன்று செய்தது. இதில் கவனிக்க வேண்டிய விசேஷம் ஒன்று உண்டு. விளக்கு அணைந்தது கலிபோர்னியாவில். கட்டணமோ கலிபோர்னியாவின் எல்லையோடு நிற்கவில்லை. கண்டத்தின் மறு கோடியிலுள்ள புளோரிடாவிலும் இந்தக் கட்டணம் பில்லில் ஏறியது. அந்த ராஜ்யத்தின் அட்டர்னி ஜெனரல் அலுவலகம் விசாரணையில் இறங்க வேண்டியதாயிற்று. பல இடங்களில் விருந்தாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஓர் ஊரில் மழை பெய்தால் இன்னோர் ஊரில் குடை வாடகை கேட்பது போன்ற இந்த வசூலுக்குச் செலவு ஒரு சாக்கே தவிர, காரணமாக இருந்திருக்க முடியாது.

இக்கட்டணத்தைப் பற்றிப் பிரயாணிகளுக்குள் ஒரே அபிப்பிராயம் நிலவுவதாக நாம் சொல்ல மாட்டோம். இரண்டு டாலருக்காக யார் தகராறு செய்வது என்று கொடுத்துவிட்டுப் போகிறவர்கள்தான் பெரும்பாலோர். ஹோட்டல்காரர்கள் நம்பியிருப்பதும் இவர்களைத்தான். பெட்டி கையில், வண்டி வாசலில், விமானத்துக்கு நேரமாகிவிட்டது. அந்த நிமிஷத்தில் இரண்டு டாலரைவிடப் பத்து நிமிஷம் பெரிது. மற்றொரு சாரார், மின்சார விலை ஏறியது உண்மையானால் வாடகையை ஏற்றிக்கொள்ளட்டும், முன்கூட்டியே சொல்லட்டும், இஷ்டமிருந்தால் தங்குகிறோம், இல்லாவிட்டால் வேறிடம் பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். இவர்கள் பணத்துக்கு அழுகிறவர்கள் அல்ல. தங்களை ஏமாளிகளாகப் பாவிப்பதுதான் இவர்களுடைய ஆத்திரம். மூன்றாவது கூட்டம் சற்று விஷமமானது. பணம் கட்டும் மேஜையில் நின்று, "இதை எடுத்துவிடுங்கள்; எனக்குச் சொல்லவில்லையே" என்று உரக்கக் கேட்டால், குமாஸ்தா மறுபேச்சுப் பேசாமல் எடுத்துவிடுகிறார் என்று இவர்கள் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள். கேட்டால் தள்ளுபடி, கேட்காவிட்டால் வசூல் என்றால், அது மின்சாரத்துக்குக் கட்டணமா, கூச்சத்துக்குக் கட்டணமா? கச்சேரி வேலையாகவும் வியாபார நிமித்தமாகவும் ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு வேறொரு கஷ்டம். இரவு வாடகைக்கு இவ்வளவு என்று முதலாளி விதித்திருக்கும் வரம்புக்குள் அறை பிடித்திருப்பார்கள். வரம்புக்கு மேற்பட்ட உபரியைக் கம்பெனி கொடுக்க மறுத்தால் கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டியதுதான்.

இன்னும் ஒரு சிறு தொகையினர் சொல்வது நமக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது. "நான் பகல் முழுவதும் வெளியே அலைந்துவிட்டு இரவு பத்து மணிக்கு வந்து விளக்கை அணைத்துப் படுத்துக்கொள்கிறேன். பக்கத்து அறைக்காரர் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு குளிர்சாதனத்தையும் ஓட்டுகிறார். இருவருக்கும் ஒரே கட்டணம் என்றால், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வேண்டும் என்ற புத்தி யாருக்கு வரும்?" என்பது இவர்கள் கட்சி. ஹோட்டல்காரர்களோ, இந்தக் கட்டணத்தினால் விருந்தாளிகளுக்குச் சிக்கன உணர்ச்சி ஏற்படும் என்று உபதேசம் செய்தார்கள். எரித்தாலும் எரிக்காவிட்டாலும் மூன்று டாலர் என்று விதித்துவிட்டால், கொடுத்த பணத்துக்கு எரித்துவிட்டுப் போவோம் என்றுதானே மனிதனுக்குத் தோன்றும்?

ஹோட்டல் முதலாளிகளின் கட்சியையும் கேட்க வேண்டும். மின்சாரம் இல்லாமல் ஹோட்டல் இல்லை. அறையில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தாழ்வாரத்து விளக்கு எரிகிறது, லிப்ட் ஓடுகிறது, சலவை யந்திரம் சுழல்கிறது, சமையலறையில் குளிர்ப்பெட்டி நிற்பதே இல்லை. அமெரிக்கச் சர்க்காரின் எனர்ஜி ஸ்டார் என்னும் திட்டத்தார் போட்ட கணக்கின்படி, அந்நாட்டு ஹோட்டல்கள் அறை ஒன்றுக்கு வருஷத்தில் சராசரி 2,196 டாலர் மின்சாரம், எரிவாயு முதலியவற்றுக்குச் செலவிட்டன. மொத்த நடப்புச் செலவில் இது நூற்றுக்கு ஆறு பங்கு. இந்த 2,196 டாலரை 365 நாட்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு ஆறு டாலர் ஆகிறது. காலியாகக் கிடக்கும் நாட்களைத் தள்ளி, ஆள் தங்கும் நாட்களுக்கு மாத்திரம் கணக்கிட்டால் எட்டோ ஒன்பதோ டாலர் ஆகலாம். விலை திடீரென்று பாதி பங்கு ஏறிவிட்டால் நாளொன்றுக்கு நாலு டாலர் உபரிச் செலவு. இது பொய்யல்ல, சிறு ஹோட்டல்காரருக்கு அற்பமும் அல்ல.

ஆனால் இதே கணக்கு அவர்களுக்கு எதிராகவும் சாட்சி சொல்கிறது. செலவில் ஆறு பங்கு மின்சாரம் என்றால், மற்றத் தொண்ணூற்று நாலு பங்கு என்ன? அதில் பெரும் பகுதி வேலையாட்களின் சம்பளம். சம்பளம் ஏறிய வருஷத்தில் "படுக்கை விரிப்பவர் சம்பள உபரி" என்று எந்த ஹோட்டலாவது பில் எழுதியதுண்டா? கூரையில் ஓடு மாற்றினால் "ஓட்டுக் கட்டணம்" கேட்கிறார்களா? அவற்றையெல்லாம் வாடகையில் அடக்கிக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு மின்சாரத்தை மாத்திரம் அடக்கத் தெரியவில்லையாம்! விலை இறங்கிய வருஷங்களில் மின்சாரத்துக்காக வாடகையில் கழிவு கொடுத்த ஹோட்டல் எதையும் நாம் கேள்விப்பட்டதில்லை. ஏற்றம் வந்தால் விருந்தாளி தலையில், இறக்கம் வந்தால் முதலாளி பையில் என்பது எந்த வியாபார சாஸ்திரத்திலும் சேராது.

எல்லா இடத்தையும் ஒரே தராசில் நிறுக்கவும் கூடாது. கரீபியன் கடலில் பஹாமாஸ் முதலிய தீவுகளின் ஹோட்டல்களில் மின்சார உபரி வெகு காலமாகப் பழக்கத்தில் இருந்து வருகிறது. நதியோ நிலக்கரியோ இல்லாத அந்தத் தீவுகளில் கப்பலில் எண்ணெய் கொண்டுவந்து எரித்துத்தான் மின்சாரம் உண்டாக்குகிறார்கள். ஐக்கிய அமெரிக்காவின் சராசரி விலையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் மின்சாரம் விற்கும் தீவுகள் பல உண்டு. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலர் வரை போனபோது அங்கே ஹோட்டல் நடத்தியவர்கள் பட்ட அவஸ்தையை நாம் ஊகிக்க முடியும். அறை பிடிப்பது ஜனவரியில், வந்து தங்குவது டிசம்பரில். நடுவில் எண்ணெய் என்ன விலை போகும் என்று யார் கண்டார்கள்? இப்படிப்பட்ட இடத்தில், எண்ணெய் விலையோடு ஏறவும் இறங்கவும் கூடிய ஓர் உபரியை, அறை பிடிக்கும்போதே எழுத்து மூலம் சொல்லி வாங்குவதை நாம் குற்றம் என்று கூற மாட்டோம். ஆனால் மாதாமாதம் மாறும் எண்ணெய் விலைக்காக ஏற்பட்ட கட்டணம் வருஷக்கணக்கில் ஒரே தொகையாக நின்றுவிட்டால், அதற்கு எண்ணெய்ச் சம்பந்தம் அறுந்துபோயிற்று என்றுதான் அர்த்தம்.

விளக்குக்குத் தனிக் காசு வாங்குவது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. பத்தொன்பதாவது நூற்றாண்டில் ஐரோப்பாவைச் சுற்றியவர்கள் கையில் ஜெர்மன் பிரசுரகர்த்தரான பெடெக்கரின் சிவப்பு அட்டைப் புஸ்தகம் இல்லாமல் புறப்பட்டதில்லை. அதில் ஹோட்டல்களின் விலை விவரத்தைக் குறிக்கும்போது, அறைக்கு ஓர் எழுத்து, விளக்குக்கு ஓர் எழுத்து, ஏவலாளுக்கு ஓர் எழுத்து என்று சுருக்கக் குறிகள் போட்டிருப்பார்கள். மேஜைமேல் வைத்த மெழுகுவர்த்திக்குத் தனிக் கிரயம். ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும் கிரயம் உண்டு. கொடுத்த காசுக்குப் பதிலாக எரிந்த மிச்சத்தைத் துணியில் சுற்றிப் பெட்டியில் போட்டுக்கொண்டு போன பிரயாணிகளைப் பற்றிய கதைகள் ஏராளம். மின்சாரம் வந்த பிறகு இந்த மெழுகுவர்த்தி வழக்கு மெல்ல மெல்ல ஓய்ந்து, விளக்கும் ஏவலும் வாடகையில் கரைந்தன. நூறு வருஷங்களுக்கு முன் அணைந்த அந்த மெழுகுவர்த்தியைத்தான் 2001-ல் மறுபடியும் ஏற்றினார்கள். ஆனால் பெடெக்கர் காலத்து ஹோட்டல்காரரை நாம் ஒரு விதத்தில் யோக்கியர் என்றே சொல்லுவோம். விளக்குக்கு இவ்வளவு என்பது புஸ்தகத்திலேயே அச்சாகியிருந்தது.

கலிபோர்னியா நெருக்கடி தீர்ந்தது. வழக்குகளுக்குப் பயந்து பல ஹோட்டல்கள் மின்சார உபரியைக் கைவிட்டன. ஆனால் அதிலிருந்து கற்ற பாடத்தைக் கைவிடவில்லை. பில்லில் ஒரு சிறு வரியைச் சேர்த்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வாய் திறவாமல் கொடுத்துவிடுவார்கள் என்பதே அந்தப் பாடம். மின்சாரம் என்று பெயர் வைத்தால் மீட்டரைக் காட்டு என்று கேட்பார்கள். ஆகவே மீட்டரே இல்லாத பெயர்களைக் கண்டுபிடித்தார்கள். "ரிஸார்ட் கட்டணம்", "சௌகரியக் கட்டணம்", "சேருமிடக் கட்டணம்" என்றெல்லாம் நாமகரணம் நடந்தது. நீந்தத் தெரியாதவரும் நீச்சல் குளத்துக்குக் கொடுக்க வேண்டும். கையில் டெலிபோனை வைத்துக்கொண்டிருப்பவரும் அறை டெலிபோனுக்குக் கொடுக்க வேண்டும். லாஸ் வேகாஸ் நகரத்தில் இரவுக்கு 40, 50 டாலர் வரை இது வளர்ந்தது. அமெரிக்க ஹோட்டல்கள் 2018-ம் வருஷத்தில் இம்மாதிரிக் கட்டணங்களாலும் உபரிகளாலும் வசூலித்த தொகை ஏறக்குறைய 293 கோடி டாலர் என்று நியூயார்க் சர்வகலாசாலையில் ஹோட்டல் தொழிலைப் பற்றிக் கணக்கெடுத்து வந்த பேராசிரியர் பியோன் ஹான்ஸன் மதிப்பிட்டார்.

இப்படி வளர்ந்ததற்குக் காரணம் பேராசை மாத்திரம் அல்ல. இன்டர்நெட்டில் அறை பிடித்துக் கொடுக்கும் கம்பெனிகள் ஹோட்டல்களை வாடகையின் வரிசைப்படி அடுக்கிக் காட்டுகின்றன. அறை 150 டாலர் என்று நேர்மையாகப் போட்ட ஹோட்டல் கீழே போய்விடுகிறது. 110 என்று போட்டு, 40-ஐக் கட்டணமாக ஒளித்து வைத்த ஹோட்டல் மேலே ஏறி உட்காருகிறது. நேர்மைக்குத் தண்டனையும் சூதுக்குச் சன்மானமும் கிடைக்கிற சந்தையில் நேர்மையான முதலாளி எத்தனை நாள் தாக்குப் பிடிப்பார்? அதோடு, இந்தக் கம்பெனிகளுக்குக் கொடுக்கும் தரகு வாடகையின் பேரில்தான் கணக்கிடப்பட்டு வந்தது. கட்டணத்துக்குத் தரகு இல்லை. வாடகையைக் குறைத்துக் கட்டணத்தை ஏற்றினால் தரகும் மிச்சம்! 2019-ல் புக்கிங் டாட் காம் கம்பெனி, இனிமேல் கட்டணத்துக்கும் சேர்த்துத் தரகு வாங்குவோம் என்று அறிவித்தபோது ஹோட்டல்காரர்கள் கூக்குரலிட்டார்கள். பிரயாணியை வைத்து இரண்டு பேர் ஆடிய சூதாட்டத்தில் ஒருவன் மற்றவனை ஏமாற்றுகிறான் என்று புகார்!

அந்நாட்டுச் சர்க்கார் இதையெல்லாம் அறியாமல் இருக்கவில்லை. பெடரல் டிரேட் கமிஷன் என்னும் வியாபாரக் கண்காணிப்புச் சபை 2012 நவம்பரிலேயே 22 ஹோட்டல் கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதிற்று. 2017 ஜனவரியில் அச்சபையின் பொருளாதார நிபுணர் மேரி சல்லிவன் ஓர் அறிக்கை வெளியிட்டார். மொத்த விலையை முதலில் சொல்லாமல் கட்டணத்தைப் பிரித்து வைப்பதால் விருந்தாளிகளுக்குத் தேடும் சிரமம் கூடுகிறது, அல்லது அரைகுறைத் தகவலோடு அதிகப் பணம் கொடுத்துவிடுகிறார்கள், இதனால் அவர்களுக்கு எவ்வித ஈடான நன்மையும் இல்லை என்பது அதன் சாரம். அறிக்கை வந்தது, அலமாரியில் ஏறிற்று. 2019 ஜூலையில் தலைநகரமான வாஷிங்டனின் அட்டர்னி ஜெனரல் கார்ல் ராசீன் மாரியட் கம்பெனியின் மேல் வழக்குத் தொடர்ந்தார். நாளொன்றுக்கு 9 டாலர் முதல் 95 டாலர் வரை கட்டணம் மறைத்து வசூலிக்கப்பட்டது என்பது பிராது. அதே மாதத்தில் நெப்ராஸ்கா ராஜ்யம் ஹில்டன் கம்பெனியின் மேல் வழக்குத் தொடுத்தது. 2021 நவம்பரில் பென்ஸில்வேனியா ராஜ்யத்தோடு மாரியட் ஓர் உடன்பாட்டுக்கு வந்து, மொத்த விலையை முதலிலேயே காட்டுவதாக ஒப்புக்கொண்டது. கலிபோர்னியா தன் பங்குக்குச் சட்டம் இயற்றி 2024 ஜூலை 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்தது.

கடைசியாக, 2024 டிசம்பர் 17-ந் தேதி பெடரல் டிரேட் கமிஷன் தேசம் முழுவதற்கும் ஒரு விதி செய்தது. அது 2025 மே 12 முதல் நடைமுறைக்கு வந்தது. கச்சேரி, பந்தயம் முதலியவற்றின் டிக்கெட்டுகளுக்கும், ஹோட்டல் முதலிய குறுகிய காலத் தங்குமிடங்களுக்கும் மாத்திரம் இது பொருந்தும். எல்லா வியாபாரங்களையும் உட்படுத்த வேண்டும் என்று 2023 அக்டோபரில் கொண்டுவந்த நகல் இந்த இரண்டுக்கும் சுருங்கிப்போயிற்று. தவிர்க்க முடியாத கட்டணம் எதுவானாலும் அதைச் சேர்த்து, மொத்த விலையை மற்ற எந்த விலையையும்விட எடுப்பாகக் காட்ட வேண்டும், கட்டணம் எதற்கென்று பொய் சொல்லக் கூடாது, இதுதான் விதி. இதனால் ஜனங்கள் விலை தேடி அலையும் நேரத்தில் வருஷத்துக்கு 5 கோடியே 30 லட்சம் மணி நேரம் மிச்சமாகும் என்று கமிஷன் கணக்கிட்டது.

நாம் பாதி விடை என்று சொன்னது இதைத்தான். இந்த விதி கட்டணத்தைத் தடை செய்யவில்லை. ஒளித்து வைப்பதைத்தான் தடை செய்கிறது. மொத்த விலை தெரிந்துவிட்டால் பிரயாணி தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்வார் என்பது கமிஷனின் சித்தாந்தம். பெரும்பாலும் அது சரியே. ஆனால் சர்க்கார் தங்களுடைய வரியை மாத்திரம் அந்த மொத்தத்தில் சேர்க்க வேண்டியதில்லை என்று விலக்களித்துக்கொண்டார்கள். முழுத் தொகையை முதலில் சொல் என்று ஹோட்டல்காரருக்கு உபதேசித்த சர்க்கார், தம் பங்கைக் கடைசிப் பக்கத்தில் சொன்னால் போதும் என்கிறார்கள். நூறு டாலர் வாடகைக்குப் பத்து, பதினைந்து டாலர் வரி விதிக்கும் நகரங்கள் அங்கே அநேகம்.

ஐரோப்பியர்கள் இவ்விஷயத்தில் முந்திக்கொண்டார்கள். 2022 பிப்ரவரியில் ருஷ்யா உக்ரேன் மேல் படையெடுத்த பிறகு எரிவாயு விலை தாறுமாறாக ஏறியபோது, அங்கேயும் ஹோட்டல்காரர்களுக்கு மின்சக்தி உபரியில் ஆசை பிறந்தது. ஆனால் ஜெர்மனியில் விலை அறிவிப்புச் சட்டம் குறுக்கே நின்றது. தவிர்க்க முடியாத எந்தக் கட்டணமும் அறிவித்த விலைக்குள் அடங்கியிருக்க வேண்டும் என்பது அச்சட்டம். பயணமும் தங்கலும் சேர்த்து விற்கும் ஏற்பாடுகளுக்கு ஐரோப்பிய யூனியனின் 2015-ம் வருஷத்து ஆணை ஒன்று உண்டு. அதை வகுத்தவர்களின் ஜாக்கிரதையை நாம் மெச்சுகிறோம். பேசிய விலையை ஏற்றுவதற்கு மூன்றே காரணங்கள் செல்லும்: வாகனம் ஓடும் எரிபொருளின் விலை, மூன்றாமவர் விதிக்கும் வரி, நாணய மாற்று விகிதம். அதையும் பிரயாணத்துக்கு 20 நாட்களுக்கு முன்பாவது சொல்ல வேண்டும். நூற்றுக்கு எட்டுக்கு மேல் ஏற்றினால் பிரயாணி அபராதமின்றி விலகிக்கொள்ளலாம். ஏற்ற உரிமை கேட்பவர், விலை இறங்கினால் இறக்கவும் கடமைப்பட்டவர். விமானத்துக்குப் போடும் எண்ணெய் இதில் சேரும். ஹோட்டல் அறையைச் சூடாக்கும் வாயு சேராது. உபரி வாங்குவது தவிர்க்க முடியாதது என்கிறவர்களுக்கு, தவிர்த்துக் காட்டிய நாடுகள் இவை.

நம் தேசத்துக்கு வருவோம். விளக்குக்குத் தனிக் கட்டணம் என்பதைத் தமிழர்கள் அறியாதவர்கள் அல்ல. கல்யாண மண்டபம் எடுத்த ஒவ்வொரு பெண்ணின் தகப்பனாரும் அறிவார். மண்டப வாடகை தனி. மின்சாரம் யூனிட்டுக்கு இவ்வளவு என்று தனி. ஜெனரேட்டர் ஓடினால் டீஸல் தனி. பெருக்கித் துடைக்கத் தனி. ஆனாலும் இதைப் பற்றி அவ்வளவாக யாரும் முணுமுணுப்பதில்லை. ஏன்? மண்டபத்தைத் திறந்துவிடும்போது மானேஜர் பெண் வீட்டாரையும் வைத்துக்கொண்டு மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறார். சம்பந்தி விருந்து முடிந்து பாத்திரம் ஏறிய பிறகு மறுபடியும் பார்க்கிறார்கள். ஓடிய யூனிட்டுக்குப் பணம். அலங்கார விளக்கைக் குறைத்தவருக்குக் குறைவு, இரவெல்லாம் எரியவிட்டவருக்கு அதிகம். நம்முடைய யாத்திரை ஸ்தலங்களின் லாட்ஜுகளிலும், அறையில் குளிர்சாதனம் இருந்தாலும் அது வேண்டாம் என்பவருக்கு வாடகை குறைத்துக் கொடுக்கும் பழக்கம் உண்டு. "வெந்நீர் காலை 6 முதல் 9 வரை" என்று பலகை எழுதி மாட்டுவதில்கூட ஒரு நேர்மை இருக்கிறது. அளந்து வாங்குவது ஒன்று, இஷ்டப்பட்டவரிடம் வாங்குவது ஒன்று. அளக்காமலும் இஷ்டம் கேட்காமலும் வாங்குவது வேறு.

இந்த மூன்றாவது வகைதான் பெரிய ஹோட்டல்களின் மூலமும், டெலிபோனில் அறை பிடித்துக் கொடுக்கும் கம்பெனிகளின் மூலமும் நம் நாட்டிற்குள் நுழைந்துகொண்டிருக்கிறது. முதல் பக்கத்தில் ஒரு விலை, பெயர் விலாசம் எழுதியபின் ஒரு விலை, பணம் கட்டும் இடத்தில் மூன்றாவது விலை. நமது சர்க்கார் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஹோட்டல்களும் உணவு விடுதிகளும் "சேவைக் கட்டணம்" என்று பில்லில் தாமாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயராலும் வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ந் தேதி உத்தரவு பிறப்பித்தது. முதலாளிகளின் சங்கங்கள் இதை எதிர்த்து டில்லி ஹைகோர்ட்டுக்குப் போயின. 2025 மார்ச் 28-ந் தேதி நீதிபதி பிரதிபா எம். ஸிங் அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்து, தலா ஒரு லட்சம் ரூபாய் செலவுத் தொகையும் விதித்தார். இதற்கிடையில், 2023 நவம்பர் 30-ந் தேதி அதே ஆணையம் இன்டர்நெட் வியாபாரத்தில் வாங்குவோரை மயக்கும் 13 தந்திரங்களைப் பெயரிட்டுத் தடை செய்தது. சொட்டுச் சொட்டாக விலையைக் கூட்டிக்கொண்டு போவது அவற்றில் ஒன்று.

உத்தரவு இருக்கிறது. ஆனால் சேவைக் கட்டண உத்தரவு பேசுவது பெரிதும் சாப்பாட்டு பில்லைப் பற்றி. தந்திரங்களைப் பற்றிய உத்தரவு பேசுவது இன்டர்நெட் வியாபாரத்தைப் பற்றி. இரவு பதினொரு மணிக்கு ரயிலிலிருந்து இறங்கி, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு லாட்ஜின் மேஜைக்கு எதிரில் நிற்கிறவரிடம், அறைக்கு முன்பணம் வாங்கிய பிறகு, "ஜெனரேட்டருக்குத் தனி, கெய்ஸருக்குத் தனி" என்று சொன்னால், அவர் எந்தப் பிரிவைக் காட்டி வாதாடுவார்? அந்த நேரத்தில் வேறு லாட்ஜ் தேடிப் போக முடியாது என்பது மேஜைக்கு உள்ளே இருப்பவருக்குத் தெரியும். வெளியே நிற்பவருக்கும் தெரியும். 1915 என்ற உதவி எண்ணுக்கு மறுநாள் டெலிபோன் செய்து, இருநூறு ரூபாய்க்காகப் புகார் எழுதி வைக்க எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்?

ஆகவே ஆணையத்துக்கு நாம் தெரிவித்துக்கொள்வது இது. லாட்ஜ், ஹோட்டல், விடுதி எதுவானாலும், மின்சாரம், தண்ணீர், வெந்நீர், ஜெனரேட்டர் ஆகியவை அடங்கிய ஒரே வாடகையை வரவேற்பு மேஜைக்கு மேலே தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி மாட்ட வேண்டும். வரி எவ்வளவு என்பதையும் அதே பலகையில், அதே அளவு எழுத்தில் போட வேண்டும். மின்சாரத்துக்குத் தனியாக வாங்கியே தீர வேண்டுமென்று விரும்பும் முதலாளி, அறைக்கு அறை மீட்டர் வைத்து, அதன்படி வாங்கிக்கொள்ளட்டும். மீட்டர் இல்லாத அறைக்கு மின்சாரக் கட்டணமும் இல்லை என்று ஒரு வரி எழுதினால் போதும். இதற்குச் சட்டசபையைக் கூட்ட வேண்டியதில்லை. 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கொடுத்திருக்கும் அதிகாரத்தைக் கொண்டுதான் ஆணையம் சேவைக் கட்டண உத்தரவைப் பிறப்பித்தது. அந்த அதிகாரம் இதற்கும் போதுமானது. அடுத்த சபரிமலைக் காலத்தில் கன்னியாகுமரியிலும் பழனியிலும் லாட்ஜுகள் நிரம்புவதற்கு முன் அந்தப் பலகை ஏறட்டும்.